கடைசி ஆளுக்காக யார் நிற்கிறார்கள்?

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



நம்ம ஊரில் ஒரு ஆள் ஓடினால் அதற்கு மூன்றே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு, பின்னால் நாய் வருகிறது. மூன்று, முதல் பீரியட் அட்டெண்டன்ஸ். எந்த அவசரமும் இல்லாமல் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒருத்தன் சும்மா ஓடுகிறான் என்றால் ஹாஸ்டலில் என்ன கேட்பார்கள் தெரியுமா? "மச்சி, போலீஸ் செலக்‌ஷனா?" இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, "அப்போ லவ் ஃபெயிலியரா?"

நம் பேச்சையே கொஞ்சம் கவனியுங்கள். கடன் வாங்கியவன் ஓடிப்போனான். சண்டையில் தோற்றவன் ஓட்டம் பிடித்தான். ஒரு பெண்ணைத் திட்ட வேண்டுமென்றால் 'ஓடுகாலி'. ஓடுவதைப் பற்றி நல்ல விதமாக ஒரு வார்த்தை கிடைக்கிறதா என்று நானும் தேடிப் பார்க்கிறேன். வண்டி ஓடினால் சந்தோஷம், படம் ஓடினால் சந்தோஷம், மனுஷன் ஓடினால் மட்டும் சந்தேகம்!

போன வருடம் ஜூலையிலிருந்து நான் கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் ஓடும் ஒரு குழுவில் இருக்கிறேன். ஸ்கூலில் நான் கபடி டீமிலும் இல்லை, கிரிக்கெட் டீமிலும் இல்லை. ஸ்போர்ட்ஸ் டே அன்று பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்ட கோஷ்டி. இன்றைக்கும் மெடல் வாங்கும் வேகம் எனக்குக் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவன் ஓட்டத்தைப் பற்றி ஆண்டு மலரில் எழுதலாமா என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயத்தில் அப்படிப்பட்டவன்தான் எழுதணும். ஓடத் தெரிந்தவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ரேஸ்கோர்ஸ் சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். இருட்டு விலகுவதற்கு முன்பே அங்கே ஒரு தனி உலகம் நடமாட ஆரம்பித்துவிடும். கைவீசி நடக்கும் பெரியவர்கள், சுகர் டெஸ்ட் ரிசல்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போகும் தம்பதிகள், அருகம்புல் சாறு விற்பவர்கள். அதற்கு நடுவில் எங்கள் குழு. அதில் ஒரு டாக்டர், இரண்டு பேங்க் ஆட்கள், கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன், ஃபவுண்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்துவிடும் ஒருத்தர், டைலரிங் யூனிட்டில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, ரிட்டயர் ஆன தபால்காரர் ஒருவர். மாதச் சந்தா கிடையாது. அப்ளிகேஷன் ஃபாரம் கிடையாது. காலையில் வந்து நின்றால் மெம்பர், அவ்வளவுதான்.

முதல் நாள் எனக்கு இருந்தது வெட்கம். எல்லார் காலிலும் பளபளவென்று ஷூ, கையில் நிமிஷத்துக்கு நிமிஷம் இதயத்துடிப்பு காட்டும் வாட்ச். என் காலில் ஸ்கூல் கேன்வாஸ். ஓரமாக நின்றேன். அந்த லேத் பட்டறை அண்ணன்தான் பக்கத்தில் வந்தார். "தம்பி புதுசுங்களா? எங்கூட வாங்க. இங்க யாரும் கப்பு குடுக்கறதில்லீங்க, மெதுவாவே போலாம்" என்றார். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மறுபடியும் ஒரு நிமிடம் ஓட்டம். அவர் நினைத்தால் அந்தச் சுற்றைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். எனக்காக முழுச் சுற்றும் கூடவே வந்தார். முடித்து வந்து பார்த்தால், மற்றவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது அவர்களுடைய ஏற்பாடு. தினமும் ஒருத்தர் முறை வைத்துக் கடைசி ஆளோடு வருவார். கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள்.

உங்கள் ஊரிலும் இப்படிக் குழுக்கள் இருக்கலாம். எல்லாமே நல்ல குழு என்று நான் சர்டிஃபிகேட் தர மாட்டேன். சில இடங்களில் டி-ஷர்ட்டும் ஃபோட்டோவும்தான் பிரதானம். ஓட்டம் இருபது நிமிடம், செல்ஃபி நாற்பது நிமிடம். புதுசாக வந்தவன் இரண்டாவது திருப்பத்தில் என்ன ஆனான் என்று திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. அதனால் சேர்வதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் வருபவன் எத்தனை நிமிடத்தில் வருகிறான் என்று பார்க்காதீர்கள். கடைசி ஆளுக்காக யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால் அங்கே சேரலாம். இல்லையென்றால் அடுத்த தெருவில் வேறு குழு இருக்கும், தேடிப் போங்கள்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு கோச் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நம்மைப் போல் பட்டறை ஆள் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்! அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல்லும் மர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. தொப்பை விழுந்தவர்களும் நெஞ்சுவலி கண்டவர்களும்கூட மெதுவாக ஓடலாம் என்றார். 1962-ல் ஆக்லாந்து நகரில் அப்படிப்பட்டவர்களுக்காக ஒரு ஓட்டக் குழு பிறந்தது. அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகக் கோச் பில் பவர்மன் அங்கே போனார். பெரிய பெரிய வீரர்களை உருவாக்கியவர், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இவர்களோடு ஒரு நாள் ஓடிப் பார்ப்போம் என்று கிளம்பினார். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டார். அவருக்குத் துணையாகப் பேசிக்கொண்டே கூட வந்தவர் யார் தெரியுமா? எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒரு பெரியவர்!

ஊர் திரும்பிய பவர்மன் தன் ஊர்க்காரர்களைக் கூட்டி ஓட வைத்தார். ஒரு இதய டாக்டரோடு சேர்ந்து 1967-ல் 'ஜாகிங்' என்று புத்தகமும் போட்டார். அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்ததற்கு அது ஒரு பெரிய காரணம். (இதே பவர்மன்தான் நைக்கி கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். ஷூவுக்குப் பிடிப்பான அடிப்பாகம் வேண்டுமென்று வீட்டுச் சமையலறையில் இருந்த வாஃபிள் சுடும் அச்சில் ரப்பர் மாதிரிக் கலவையை ஊற்றிப் பார்த்தவர். மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை!)

சரி, ஏன் மெதுவாக ஆரம்பிக்கணும்? வாலிப வயசுதானே, ஒரே மூச்சில் மூணு கிலோமீட்டர் அடித்தால் என்ன? இங்கேதான் நம் பாடப்புத்தகம் உதவிக்கு வருகிறது.

புது பைக் எடுத்தால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் அடக்கி ஓட்டச் சொல்கிறார்களே, எதற்கு? பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று பழகி உட்கார வேண்டும். அதற்குப் பெயரே ரன்னிங்-இன். மனுஷ உடம்பும் அப்படித்தான். ஒரு வித்தியாசம், உடம்பில் எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் பழகாது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் ஒத்துழைக்க ஆரம்பித்துவிடும். தசைநாரும் எலும்பும் தயாராக மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது வாரம் மூச்சு வாங்காமல் ஓட முடிகிறது. உடனே நமக்குத் தெம்பு வந்துவிடுகிறது, தூரத்தை இரட்டிப்பாக்குகிறோம். இன்ஜின் ரெடி, ஆனால் சேஸிஸ் ரெடியில்லை!

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஐம்பத்தைந்து கிலோ ஆளுக்கு நூற்றுப்பத்து கிலோவுக்குக் குறையாது. அரை மணி நேரத்தில் ஐயாயிரம் அடிக்குப் பக்கமாக வைக்கிறோம். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் ஃபெட்டீக் படித்தோமே, ஒரே தடவையில் உடையாத கம்பி திரும்பத் திரும்பச் சுமை விழுந்தால் உடைந்துவிடும் என்று? அதேதான். ஆனால் இரும்பால் முடியாத ஒன்று எலும்பால் முடியும். நடுவில் ஓய்வு கொடுத்தால் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு முன்னைவிடக் கெட்டியாகிவிடும். ஓய்வே கொடுக்காவிட்டால்தான் விரிசல். வாரத்தில் மூன்று நாள் ஓடு, நடுவில் ஒரு நாள் விடு என்று எங்கள் குழுவில் சொல்வது சோம்பேறித்தனம் இல்லை, மெட்டீரியல் சயின்ஸ்!

1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தன் அம்மாவை மனதில் வைத்து ஒரு பயிற்சித் திட்டம் போட்டார். இன்றைக்கு உலகம் முழுக்கப் புதியவர்கள் பின்பற்றுவது அதைத்தான். ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் அறுபது செகண்ட் ஓட்டம், தொண்ணூறு செகண்ட் நடை, திரும்பத் திரும்ப. கடைசியில் நிற்காமல் அரை மணி நேரம். அளவுகோல் வேண்டுமா? வாட்ச் தேவையில்லை. பக்கத்து ஆளோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். "ம்", "ஆங்" என்று மட்டும் வாயிலிருந்து வந்தால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். இதற்காகவே கூட ஒரு ஆள் வேண்டும். தனியாக ஓடுபவன் யாரோடு பேசுவான்?

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு வேலை வேண்டாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. டிப்ளமா முடித்தவர்களும் எழுதுகிற ரயில்வே குரூப் டி தேர்வில் உடல்திறன் சோதனை உண்டு. ஆண்களுக்கு ஆயிரம் மீட்டர் நான்கு நிமிடம் பதினைந்து செகண்டில், பெண்களுக்கு ஐந்து நிமிடம் நாற்பது செகண்டில். ஒரே வாய்ப்பு. நம் மாநிலக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், ஏழு நிமிடம். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? எழுத்துத் தேர்வுக்கு இரண்டு வருடம் கோச்சிங். உடல்திறன் தேர்வுக்கு? கால்-லெட்டர் வந்த பிறகு பதினைந்து நாள்!

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சீனியர் அண்ணன் இருக்கிறார். வீட்டில் முதல் பட்டதாரியாக வர வேண்டியவர், குடும்ப நிலையால் டிப்ளமாவோடு நின்றவர். இரவு பெட்ரோல் பங்கில் வேலை, பகலில் படிப்பு என்று இருந்து கம்ப்யூட்டர் தேர்வைத் தாண்டிவிட்டார். கால்-லெட்டர் வந்தது. மறுநாளே தார் ரோட்டில் தினமும் முழு வேகத்தில் ஆயிரம் மீட்டர். கூட ஆள் இல்லை, சொல்லித் தரவும் ஆள் இல்லை. பத்தாவது நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்ந்தார். தேர்வு நாளில் பாதித் தூரம்வரை முன்னால்தான் போனாராம். அதற்கு மேல் கால் ஊன முடியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தவர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அறிவுக்கு மார்க் கொடுத்த தேர்வு காலுக்கு மார்க் கொடுக்கவில்லை. அவருக்கு மூளையும் இருந்தது, உழைப்பும் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் "தம்பி, மெதுவாப் போலாம் வாங்க" என்று சொல்ல ஒரு ஆள்தான் இல்லை.

இதனால்தான் சொல்கிறேன், ஓட்டக் குழு என்பது கார் வைத்திருப்பவர்களின் காலைப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுங்கி நிற்கக் கூடாது. அதிகமாகத் தேவைப்படுவது நமக்குத்தான். ஷூ இல்லை என்று தயங்காதீர்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கினார். நம் நாட்டு சிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பெயர் வாங்கியவர். 1978-ல் ஜலந்தரில் அவர் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய மாரத்தான் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் உடைபடாமல் நின்றது. அதற்காக நாளைக்கே செருப்பைக் கழற்றிவிட்டு ஜல்லியில் ஓடச் சொல்லவில்லை! காலைக் கடிக்காத சாதாரண ஷூ போதும், ஆரம்பத்தில் மண் தரை கிடைத்தால் இன்னும் நல்லது என்கிறேன். மாரத்தான் கட்டணம் கட்டி மெடல் வாங்குவதும் அவசியமில்லை. அந்தப் பணத்தில் மெஸ் பில் கட்டலாம்.

ரோட்டில் ஓடினால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள், அதற்கு முன்னால் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. ஆஸ்துமா, ரத்தசோகை, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் முதலில் டாக்டர், பிறகு ரேஸ்கோர்ஸ். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

இனி நம் பேரவைக்கு வருகிறேன். பேரவைத் தலைவர் கோபித்துக்கொள்ளாமல் படிக்கவும்!

நம் பாலிடெக்னிக்கில் நானூறு மீட்டர் சுற்று உள்ள மண் மைதானம் இருக்கிறது. எத்தனையோ கல்லூரிகளுக்கு இல்லாத சொத்து. அதில் யார் ஓடுகிறார்கள்? ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒரு மாதம் முன்பு அதே எட்டுப் பேர். நூறு மீட்டரிலும் அவர்கள், ஆயிரத்து ஐந்நூறிலும் அவர்கள். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை, கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் எல்லாரும்தானே கட்டுகிறோம்? ஓடத் தெரிந்தவர்களைப் பொறுக்கி எடுக்க ஏற்பாடு இருக்கிறது, ஓடத் தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு இல்லை. இது லேத் ஓட்டத் தெரிந்தவனை மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குள் விடுவது மாதிரி.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் மூன்று நாள், காலை ஐந்தே முக்காலிலிருந்து ஒரு மணி நேரம் மைதானத்தைத் திறந்துவிட வேண்டும். பெவிலியன் பக்கம் எரியாமல் இருக்கும் விளக்கைச் சரிசெய்ய வேண்டும் (எலக்ட்ரிக்கல் நண்பர்களே, இது உங்கள் கௌரவப் பிரச்சினை). குடிக்கத் தண்ணீர் வரும் ஒரு குழாய். செலக்‌ஷன் கிடையாது, டைம் எடுப்பது கிடையாது. சீனியர் ஒருவர் முறை வைத்துக் கடைசி ஆளோடு வர வேண்டும், அது மட்டும் கண்டிப்பு. மைதானம் டீம் பிராக்டீசுக்கே போதவில்லை என்று ஒரு பதில் வரும். அந்த நேரத்தில் டீம் தூங்கிக்கொண்டிருக்கிறது, நான் விசாரித்துவிட்டேன்.

அடுத்தது மாணவிகள். ஆண்கள் விடுதி கேட் ஐந்து மணிக்குத் திறக்கிறது. பெண்கள் விடுதி கேட் ஆறரைக்கு. ஆறரைக்கு மேல் குளியல், மெஸ், எட்டரைக்கு வகுப்பு. இதில் எங்கே ஓடுவது? பாதுகாப்புக்காக என்று சொல்கிறார்கள். காம்பவுண்ட் சுவருக்குள், விளக்கு வெளிச்சத்தில், இருபது பேர் சேர்ந்து ஓடுவதில் என்ன ஆபத்து? ரயில்வே அவர்களுக்கு ஐந்து நிமிடம் நாற்பது செகண்ட் கொடுத்திருக்கிறது, நாம் ஒரு மணி நேரம் கேட்டைத் திறக்க யோசிக்கிறோம். எங்கள் குழுவில் இருக்கும் டைலரிங் யூனிட் அக்கா ஒரு நாள் சொன்னார், "கல்யாணத்துக்கு முன்னாடி ஓடுனா அம்மா திட்டுவாங்க, அப்புறம் மாமியார் திட்டுவாங்க. இப்ப என் பொண்ணு வந்து வாட்ச் புடிச்சுட்டு நிக்கறா தம்பி." அவருக்கு வயது நாற்பது. நம் வகுப்புத் தோழிகளும் அதுவரை காத்திருக்கணுமா?

கேட் நேரத்தை மாற்றக் கோரும் மனுவை இரண்டாம் ஆண்டு இ.சி.இ. மாணவிகள் எழுதிவிட்டார்கள். அதில் மாணவர்களும் கையெழுத்துப் போடலாம். மலர் உங்கள் கைக்கு வந்த பிறகு வரும் முதல் திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கேன்டீன் வாசலில் தாளோடு நிற்போம். பேனா கொண்டு வாருங்கள், போன தடவை ரத்த தான முகாமுக்குக் கொடுத்த என் பேனா இன்னும் திரும்பி வரவில்லை.